ஞாபக மறதிக்கு வைட்டமின்: முதல் மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவை, வரிசையாக

“தம்பி, ஆயாவுக்கு ஞாபகத்துக்கு நல்லதா ஒரு மாத்திரை குடு.” வடசென்னையில் கல்மண்டபம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடம் கவுன்டரில் நின்றவன் நான். வாரத்துக்கு நான்கைந்து பேராவது இப்படி வந்து கேட்பார்கள். வருவது மகளோ மருமகளோ. மறதி உள்ளவர் வீட்டில் இருப்பார். கையில் சீட்டு இருக்காது.

எடுத்துக் கொடுப்பது சுலபம். ஆனால், குறைந்தால் மறதி வரக்கூடிய வைட்டமினான பி12 மாத்திரையை விழுங்கத் தொடங்கிய பிறகு ரத்தம் பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். முதலில் குறை இருந்ததா இல்லையா என்பது தெரியாமலே போய்விடும். இந்தத் தப்பை என் அம்மா விஷயத்தில் நானே செய்தேன். பாதம் எரிகிறது, பெயரெல்லாம் மறக்கிறது என்றார். கடையிலிருந்து எடுத்துப்போய் ஐந்து ஊசி போட வைத்தேன், அப்புறம்தான் டெஸ்ட் எடுத்தேன். ரிப்போர்ட்டில் 2000க்கு மேல். டாக்டர் அதைத் திருப்பிக் கொடுத்து, “இதை வெச்சு நான் என்னப்பா சொல்ல?” என்றார்.

அதனால் இந்த வழிகாட்டியில் மாத்திரை ஏழாவதாகத்தான் வரும். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னும் பின்னும் வீட்டில் என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த வைட்டமினை நிரப்பினால் பலன் உண்டு. குறையே இல்லாதவருக்கு மேலும் மேலும் கொட்டினால் ஞாபகம் கூடுவதில்லை.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு துணிப்பை, பழைய ரிப்போர்ட்டுகள், இரண்டு வார அவகாசம். கூடவே அந்தப் பெரியவருடன் நாள் முழுக்க இருக்கும் ஒரு ஆள். மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும் மகனுக்குத் தெரியாதது, பகலெல்லாம் பக்கத்தில் இருக்கும் மருமகளுக்கோ எதிர்வீட்டு அக்காவுக்கோ தெரியும்.

1. திடீரென வந்ததா, மெல்ல வந்ததா?

முதல் கேள்வி இதுதான். வைட்டமின் குறைவால் வரும் மறதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று காலை வீட்டு ஆட்களை மாற்றிச் சொல்கிறார், உளறுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் அது மறதி இல்லை, அவசரம். நோட்டு, டெஸ்ட் எல்லாம் அப்புறம். 108ஐ அழையுங்கள், அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனை மாதிரி இருபத்து நான்கு மணி நேரமும் அவசரப் பிரிவு உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

காரணம் பல இருக்கலாம்: சர்க்கரை இறங்கியிருக்கலாம், உப்புச்சத்தான சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று, பக்கவாதம். கிருத்திகை விரதம் இருந்துவிட்டு சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்ட ஆயாக்களைப் பார்த்திருக்கிறேன். கீழே விழுந்து தலையில் அடிபட்டு, அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழப்பம் வருவதும் உண்டு. மூளைக்கு வெளியே மெல்லக் கசிந்த ரத்தம் அழுத்துவதால் வருவது அது. “சமீபத்தில் விழுந்தாரா?” என்று வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். குழந்தைகளையும் கேளுங்கள், அவர்கள்தான் மறைக்காமல் சொல்வார்கள்.

2. இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்

“மறதி அதிகமாயிருச்சு டாக்டர்” என்பதை வைத்து எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததை நடந்தபடி, தேதி போட்டு எழுதுங்கள். “குழம்பில் இரண்டு தபா உப்பு.” “ரேஷன் கடையிலிருந்து வரும் வழியில் தெரு தப்பியது, நாற்பது வருடமாகப் போகும் வழி.” “பால் காசு கொடுத்தாயிற்று என்று மூன்று முறை சண்டை.” கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் வருவது. கேஸ் அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த தெருவில் வழி தப்புவது இரண்டும் வேறு கணக்கு. அவற்றை அடிக்கோடிடுங்கள்.

மறதியை எழுதும் பலரும் உடம்பை எழுதுவதில்லை. பி12 குறைந்தால் நரம்பும் கெடும், அதற்குத் தடயங்கள் உண்டு. பாதத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நான்கு அடி நடந்து போவது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடிக் குழாயைப் பிடித்துக்கொள்வது. கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதை நரம்பு மூளைக்குச் சொல்லாதபோது கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கண்ணை மூடினால் ஆட்டம் காண்பது அதனால்தான். நாக்கையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள்: சொரசொரப்பு போய், வழவழவெனச் சிவந்து, காரம் பட்டால் எரிகிறது என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

காது, கண், மனசு இந்த மூன்றையும் ஒரு வரி எழுதுங்கள். காது கேட்காதவர் பதில் சொல்லாததை மறதி என்று நினைப்பது சகஜம். தாத்தா போன பிறகு யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கு மனச்சோர்வு இருக்கலாம். அதுவும் மறதி மாதிரியே தெரியும்.

3. எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போடுங்கள்

என் அனுபவத்தில் பாதி விடை இந்தப் பையில்தான் கிடைக்கும். சாமி அலமாரி, தலையணைக்கு அடி, ஃபிரிட்ஜ் மேல் டப்பா எல்லாவற்றையும் துழாவி, சாப்பிடுவது, பாதியில் விட்டது, பக்கத்து வீட்டில் வாங்கியது எல்லாவற்றையும் துணிப்பையில் போடுங்கள். நாட்டு மருந்துப் பொடியும் சேரட்டும்.

பிறகு அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரிய எழுத்துப் பெயர் கம்பெனி வைத்தது. உள்ளே இருக்கும் மருந்து சின்ன எழுத்தில் இருக்கும். கண் தெரியவில்லை என்றால் கடைப் பையனைப் படிக்கச் சொல்லுங்கள்.

மெட்ஃபார்மின்: வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். “நான் மெட்ஃபார்மினே சாப்பிடலையே” என்பார்கள். சர்க்கரை மாத்திரைப் பெயரின் வாலில் ‘எம்’ இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

கேஸ் மாத்திரை: பான்டோபிரசோல், ஒமிப்ரசோல். உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அதைத் தினமும் அடக்கி வைத்தால் நாளடைவில் பி12 குறையும். ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை ஆறு வருடமாக வாங்குபவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். வயதாக ஆக அமிலம் தானாகவே குறைவதும் உண்டு.

தூக்க மாத்திரை, சளி மாத்திரை: அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவையும், சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் பழைய ரக மாத்திரைகளும், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவையும் வயதானவர்களின் ஞாபகத்தையே மங்கச் செய்யும். இவற்றை வைத்துக்கொண்டு மேலே வைட்டமின் கொடுப்பது, குழாயைத் திறந்து விட்டுத் தரையைத் துடைக்கிற வேலை.

பிரஷர் மாத்திரை: பெயரின் வாலில் ‘எச்’ இருந்தால் அதில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். சிலருக்கு அது சோடியத்தை இறக்கிக் குழப்பத்தைக் கொண்டுவரும்.

அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை மாத்திரையும், தனியார் டாக்டர் எழுதிய மாத்திரையும் வேறு வேறு அட்டையில் ஒரே மருந்தாக இருக்கும். இரண்டையும் சாப்பிடுவார்கள். பையை ஒன்றாகக் கொட்டினால்தான் இது தெரியும்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வேறு வம்பு வரும். பையோடு டாக்டரிடம் போங்கள்.

4. தட்டில் என்ன இருக்கிறது?

“நாங்க கவுச்சி சாப்பிடுறவங்க, எங்களுக்கு எப்படி பி12 குறையும்?” என்று மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்காரர்களே கேட்பார்கள். வீட்டில் மீன் வாங்குவது உண்மை. ஆயாவின் தட்டில் மீன் விழுகிறதா? பல் போயிருக்கும், முள்ளுக்குப் பயம், அதனால் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டைப் பேரனுக்குத் தள்ளிவிடுவார். மற்ற இரண்டு வேளை டீயும் பொறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும்போது குழம்பும் போய் ரசம் வந்துவிடும். கல்லீரலில் பி12 இருப்பு சில வருடத்துக்குத் தாங்கும் என்பதால் குறைவு உடனே வெளியே தெரியாது. தெரியும்போது இருப்பு தீர்ந்திருக்கும்.

ஒரு நாளைக்குத் தேவை 2 முதல் 2.5 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம், ஒரு டம்ளர் பாலில் ஒன்றுக்குக் கிட்ட. மத்தி, காணாங்கெளுத்தி, நண்டு, ஆட்டு ஈரல் இவற்றில் கொஞ்சம் சாப்பிட்டாலே தேவை தாண்டிவிடும். முள் நீக்கி உதிர்த்துப் புட்டாகச் செய்து கொடுங்கள், பல் இல்லாதவரும் சாப்பிடுவார். கருவாடு வேண்டாம், பிரஷர்காரருக்கு உப்பு அதிகம்.

ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்தால், அதில் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12ம் சேர்ந்திருக்கும். ஆனால் ஒரு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம்தான். ஒரு பிடி சோறு சாப்பிடும் ஆயாவுக்கு அது எம்மாத்திரம்? கீரை, பருப்பு, பழைய சோறு எல்லாம் நல்ல சாப்பாடுதான், பி12க்கு அவற்றை நம்ப முடியாது. சைவக்காரர்கள் பால், தயிரோடு டாக்டர் சொல்லும் மாத்திரையையும் நம்புவதே நடைமுறை.

5. ரத்தம் கொடுப்பது: மாத்திரைக்கு முன்

இங்கே வரிசை மாறினால் என் அம்மா கதைதான். சாதாரணமாகக் கேட்கப்படுபவை: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து), தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், கால்சியம். நிலைமையைப் பார்த்து டாக்டர் கூட்டவோ குறைக்கவோ செய்வார். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் மறதி வரும் என்பதால் பி12 மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிப்படைப் பரிசோதனைகள் இலவசம். பி12 எல்லா இடத்திலும் கிடைக்காது, போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். தலைமுடிக்கு என்று பேத்தி வாங்கிய பயோட்டின் மாத்திரையை ஆயாவும் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டக்கூடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லுங்கள்.

6. ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது

பி12 எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அளவீட்டை முதலில் பாருங்கள். மில்லிலிட்டருக்கு பிகோகிராம் என்றால் 200க்குக் கீழே குறைவு, 200 முதல் 300 வரை இழுபறி. சில லேப் பிகோமோலில் கொடுக்கும். அதில் 150 என்பது இங்கே சுமார் 200க்குச் சமம்.

இழுபறியில் இருப்பவரை ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பும் தப்பு நிறைய நடக்கிறது. அப்போது இரண்டாவது படியின் நோட்டு பேசும். 240 இருந்து பாதமும் எரிகிறது, செருப்பும் கழல்கிறது என்றால் டாக்டர், பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் பார்க்கச் சொல்லலாம், இல்லை நேரே சிகிச்சையே தொடங்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதை வைத்து பி12 குறைவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரத்தசோகை வராமலே நரம்பு கெடுவது உண்டு.

பெரிய அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போக வேண்டும். முதியோருக்கென்றே ஒரு இடம் வேண்டும் என்றால் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 முதல் இயங்குகிறது. தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

7. குறை இருந்தால்: ஊசியா, மாத்திரையா?

நரம்புக் கோளாறு இருந்தாலோ அளவு மிகவும் இறங்கியிருந்தாலோ பெரும்பாலும் ஊசியில் தொடங்குவார்கள்: 1000 மைக்ரோகிராம், முதலில் அடுத்தடுத்து, பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. லேசான குறைவுக்குத் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையும் வேலை செய்யும். குடல் சரியாக உறிஞ்சாதவருக்கும் பெரிய அளவில் கொடுத்தால் நூற்றில் ஒரு பங்கு தானாகவே உள்ளே போய்விடும். 1000 மைக்ரோகிராமில் நூற்றில் ஒரு பங்கு என்றாலே 10, தேவையைவிட அதிகம். இதனால்தான் அளவு முக்கியம். பல சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் பி12 15 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். அது குறைவைத் தீர்க்கப் போதாது.

கவுன்டரில் நான் அதிகம் தடுத்த தப்பு இது. “நரம்பு மாத்திரை” என்று கேட்பார்கள். அந்தப் பெயரில் கிடைக்கும் பலவற்றில் மெத்தில்கோபாலமின் என்ற பி12ஓடு பிரிகாபலின் அல்லது காபாபென்டின் சேர்ந்திருக்கும். அது நரம்பு வலிக்கு, டாக்டர் சீட்டோடு கொடுக்க வேண்டியது. வயதானவருக்கு மயக்கம், தள்ளாட்டம், குழப்பம் தரும். வைட்டமின் என்று நினைத்து அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, “மாத்திரை சாப்பிட்டும் மறதி ஜாஸ்தியாவுது” என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. அட்டையின் சின்ன எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகத் தொடங்க வேண்டாம். ரத்தசோகை சரியானது போலக் காட்டி, பி12 குறைவால் நரம்பு கெடுவதை மறைத்துவிடும். இரண்டும் குறைந்திருந்தால் பி12 முதலில்.

பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டு மூத்திரம் பளிச்சென மஞ்சளாகப் போனால் மஞ்சள் காமாலை இல்லை, அதில் உள்ள ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின். இதற்காக ராத்திரி பத்து மணிக்குக் கடைக்கு ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

8. வைட்டமின் டி: வாரத்துக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு ஒன்றுதான்

ஒண்டுக்குடித்தனத்தில் வெயில் எட்டிப் பார்க்காது, மொட்டை மாடிப் படி ஏற மூட்டு விடாது. டி குறைவது ஆச்சரியமில்லை. குறைவு இருந்தால் எலும்புக்கும் தசைக்கும் நிரப்ப வேண்டும். ஞாபகத்துக்கு என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இதில் பெரிய ஆபத்து 60,000 யூனிட் பாக்கெட். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகப் பாலில் கலந்து குடிப்பார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், அடிக்கடி மூத்திரம், கடைசியில் குழப்பம். மறதிக்கு என்று தொடங்கியதே மறதியைக் கொண்டுவரும். பாக்கெட்டின் மேல் கிழமையைப் பேனாவில் எழுதி, எட்டு பாக்கெட்டையும் ஒன்றாகக் கையில் கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

9. மற்றவை, சுருக்கமாக

தினமும் குடிப்பவர், சரியாகச் சாப்பிடாதவர் என்றால் பி1 எனப்படும் தயமின் குறைவு முக்கியம். குழப்பத்தோடு நடை தள்ளாடி, கண் அசைவும் கோணலானால் அது அவசரம். “சரக்கு போதை, தெளிஞ்சிரும்” என்று படுக்க வைத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. பி6 அளவுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும், இரண்டு மூன்று பி காம்ப்ளெக்ஸ் சேர்ந்துவிடாமல் பாருங்கள்.

ஞாபகத்துக்கு என்று விற்கும் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் வருடக்கணக்கில் சோதித்தார்கள். 2008ல் வந்த முடிவு: மறதி நோயை அது தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ஜிங்கோவும், அதிக அளவு வைட்டமின் ஈயும் ரத்தக்கசிவை வரவழைக்கலாம். தினசரி மல்டிவைட்டமின் பற்றி காஸ்மாஸ் என்ற அமெரிக்க ஆய்வில், 60 வயது தாண்டியவர்களுக்கு ஞாபகச் சோதனையில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள், மறதி நோயாளிகள் இல்லை. வல்லாரைத் துவையல் அரைத்தால் கீரையாகச் சாப்பிடுங்கள், சிகிச்சையாக இல்லை.

கால்சியம், இரும்பு மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

10. மூன்று மாதம் கழித்து

நோட்டை மறுபடி இரண்டு வாரம் எழுதுங்கள். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். “பரவாயில்லை போல இருக்கு” என்பது கணக்கில்லை. முதலில் சோர்வு குறையும். நரம்புக்கு ஆறு மாதம் வரை ஆகலாம். ஞாபகம் எவ்வளவு திரும்பும் என்பது குறைவு எவ்வளவு நாள் இருந்தது என்பதைப் பொறுத்தது. சிலருக்குத் திரும்பாது.

எண் சரியாகிவிட்டது, மறதி நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நரம்பியல் டாக்டரையோ முதியோர் நல டாக்டரையோ பார்க்கும் நேரம் அது. ஞாபகச் சோதனையைத் தமிழில் வைக்கச் சொல்லுங்கள், படிப்பு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பள்ளிக்கூடமே போகாதவரை எழுதச் சொல்லி, வராததை மறதிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

மெட்ஃபார்மின் தொடர்பவர், குடல் உறிஞ்சாதவர், சைவக்காரர் ஆகியோருக்கு பி12 இத்தோடு முடியாது. எண் நன்றாக வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே எரிச்சலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு உண்மையில் குறை இருந்ததா என்பது இன்றுவரை தெரியாது. ‘எம்’ போட்ட சர்க்கரை மாத்திரையை ஒன்பது வருடமாகச் சாப்பிட்டவர் என்பதால் மாத ஊசி தொடரட்டும் என்றார் டாக்டர். மாதத்தின் முதல் திங்கள் ஊசி. தினசரிக் காலண்டரில் அந்தத் தாளுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பேன். தாள் கிழிக்கும் வேலை அம்மாவுடையது. சில நாள் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துவிடுவார். அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.